தினமும் ரொட்டி வாங்கும் வீடு

போன வாரம் ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். அதிசயமாக ஜன்னலோர சீட் கிடைத்தது. என் அதிர்ஷ்டம் அத்தோடு தீர்ந்துவிட்டது.

பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு என் மடியிலிருந்த ஒயர் கூடையைப் பார்த்தார். கூடைக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது, மெழுகுத்தாள் சுற்றிய ஒரு முழு ரொட்டி. அவ்வளவுதான், அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது.

“யாருக்கும்மா முடியல?”

“யாருக்கும் ஒண்ணுமில்லையே...”

“ரொட்டி கொண்டு போறீகளே. ஆஸ்பத்திரிக்குத்தான?”

“இல்லம்மா. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்.”

“அப்ப வீட்ல வச்சுத்தான் பாக்காகளா? பாவம்.”

கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிப்பதற்குள் அவர் வீட்டுக்காரருக்கு வந்த மஞ்சள் காமாலை, கொழுந்தனாருக்கு நடந்த குடல் ஆபரேஷன் எல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இறங்கும்போது தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து என் கையில் திணித்தார். “வாய் கசந்தா மோந்து பாக்கச் சொல்லுங்க. சரியாப் போயிரும், கவலப்படாதீக.”

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ரொட்டி என்றால், அதாவது பிரெட் என்றால், காய்ச்சல். காய்ச்சல் வந்தால் ரொட்டி வாங்குவார்கள், பாலில் தொட்டுக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனால் ரொட்டி. காய்ச்சல் விட்டதும் ரொட்டியும் போய்விடும், ரசம் சாதம் வந்துவிடும். நல்ல உடம்போடு, பட்டப்பகலில், ஆசைக்கென்று ரொட்டி தின்ற ஆளை அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை.

இந்த ரொட்டியால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு அறுந்து தொங்கியது. பஸ்ஸில் அந்த அம்மா இறங்கிய பிறகு, எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்...

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். காலையில் மில் வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். ஒரே ஒரு தடவைதான் அடிக்கும். அந்த டிரைவர் அப்படி ஒரு மகான். அதற்குள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் நாலாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் மீனாவுக்கும் சாப்பாடு கட்டியாக வேண்டும்.

மீனாவின் டப்பாதான் தலைவலி. சாம்பார் சாதம் வைத்தால் அப்படியே திரும்பி வரும். புளிசாதம் வைத்தால், ஊறி, ருசி கூடித் திரும்பி வரும். கெஞ்சியும் பார்த்தாயிற்று, முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தாயிற்று. ஒருநாள் வெறுத்துப்போய் பிரெட்டில் ஜாம் தடவி வைத்து அனுப்பினேன். சாயங்காலம் டப்பா காலி! நக்கித் துடைத்து வைத்திருந்தாள்.

அப்புறம் நான் ஏன் விடப்போகிறேன்?

மறுநாளிலிருந்து தினமும் பிரெட்தான். பாட்டிலில் சிவப்பாக இருக்குமே, அந்த ஜாம். அதில் என்ன பழம் போட்டிருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜாம் தீர்ந்தால் வெண்ணெயும் சர்க்கரையும். அதுவும் இல்லையா, மசித்த வாழைப்பழத்தில் கொஞ்சம் தேன். கோடையில் சப்பட்டை மாம்பழம் மலிந்து கிடந்தால் நானே ஒரு சட்டி ஜாம் கிண்டி வைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் வீட்டுக்காரரும் ‘எனக்கும் ரெண்டு துண்டு வையேன்’ என்று வழிக்கு வந்தார். காலையில் எனக்கு ஒரு டம்ளர் காபியை உட்கார்ந்து குடிக்க நேரம் கிடைத்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட சொர்க்கம் என்று.

என் மாமியாருக்கு மட்டும் பிடிக்கவில்லை. “பஞ்சைத் தின்ன மாதிரி இருக்கு. மில்லு உள்ள ஊர்ல பொறந்தா பஞ்சையா திங்கணும்?” என்பார். சொல்லிவிட்டு, ஜாம் பாட்டிலில் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்ப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பேண்டேஜ் துணி நெய்கிற ஃபாக்டரியில் சூப்பர்வைசர். நெசவில் பிசகு விழுந்து கழித்துப் போட்ட துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். கை துடைக்க, தயிர் வடிகட்ட, டப்பா துடைக்க என்று எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்தத் துணிதான். பிரெட் மத்தியானத்துக்குள் காய்ந்து விறைத்துவிடும் இல்லையா? அதற்கும் அதே துணியை நனைத்துப் பிழிந்து, பிரெட்டைச் சுற்றி டப்பாவில் வைப்பேன். நாள் முழுக்க மெத்தென்று இருக்கும். சாயங்காலம் துவைத்துக் கொடியில் போடுவேன்.

இப்போது கொஞ்சம் வெளி ஆள் கண்ணால் எங்கள் வீட்டைப் பாருங்கள். தினமும் ஒரு ரொட்டி உள்ளே போகிறது. கொடியில் கட்டுத்துணி வரிசையாகக் காய்கிறது. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

முதலில் நினைத்தவர் மீனாவின் டீச்சர். டப்பாவைத் திறந்ததும் ஈரக் கட்டுத்துணி, அதற்குள் ரொட்டி. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். “காய்ச்சலா கண்ணு? இன்னைக்கு டிரில்லுக்கு வர வேண்டாம், நிழல்ல உக்காரு.” மீனாவுக்கு டிரில் என்றால் வேப்பங்காய். உண்மையைச் சொல்வாளா? மாதக்கணக்காக மரத்தடியில் சீக்காளியாக உட்கார்ந்திருந்தாள். இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்து, பக்கத்து வீட்டு அக்கா. ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். உட்கார்ந்தார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். யாரும் படுத்திருக்கவில்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நாங்களும் பிழிந்து குடித்துவிட்டு, சிரித்துவிட்டு, மறந்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கியது செண்பகத்தின் விஷயத்தில்.

செண்பகம் என் வீட்டுக்காரரின் தங்கை. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஆள் ஒல்லி. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத ஜாதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பேர் ரெங்கராஜன். அப்பா இல்லை. கடை, வீடு எல்லாம் அம்மாவின் ராஜ்ஜியம். ‘கடைக்காரம்மா’ என்றால் அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. கொண்டுவந்தவர் செட்டியார்பட்டியில் இருக்கும் எங்கள் சித்தப்பா, ரிட்டயர்டு ஏட்டு. கல்யாணப் பேச்சையும் ஸ்டேஷன் விசாரணை மாதிரிதான் நடத்துவார்.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. எல்லாருக்கும் திருப்தி. “ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லி விடுதோம்” என்று கடைக்காரம்மாவே வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார்.

போனவர்கள் போனவர்கள்தான். ஆவணி முழுக்கச் சத்தமே இல்லை.

ஆவணிக் கடைசியில் சித்தப்பா வந்தார். மீசை துடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“ஏலே முருகேசா, உள்ளதைச் சொல்லு. இந்த வீட்ல சீக்காளி யாரு?”

என் வீட்டுக்காரர் விழித்தார். “சீக்காளியா? யாரும் இல்லையே சித்தப்பா.”

“மறைக்காத. அவிய விசாரிச்சிருக்காக. சாட்சி இருக்கு.”

மாப்பிள்ளையின் தாய்மாமன் விசாரிக்க வந்திருக்கிறார். நேராக எங்கள் தெருமுனைப் பேக்கரிக்குப் போய், எங்கள் குடும்பம் எப்படி என்று கேட்டிருக்கிறார். பேக்கரிக்காரர் நல்ல மனுஷன். நமக்கு நல்லது செய்வதாக நினைத்து என்ன சொன்னாராம்? ‘தங்கமான குடும்பம்யா. ஒருநாள் தவறாம ரொட்டி வாங்கிருவாக.’

“நல்லதாத்தான சித்தப்பா சொல்லிருக்காரு?”

“என்னலே நல்லது? தெனமும் ரொட்டி போற வீடுன்னா என்ன அர்த்தம்? ஒரு நாள் ரெண்டு நாள் காய்ச்சல் இல்ல, தீராத சீக்கு ஏதோ இருக்குன்னு அர்த்தம்! அதோட விட்டாகளா? உன் மகளோட டீச்சரு இருக்காகள்ல, அவிய வீடு மாப்பிள்ளை வீட்டுக்கு எதுத்தாப்ல. ‘அந்தப் பிள்ளையும் எப்பவும் காய்ச்சல்லதான் கெடக்கு, டிரில்லுக்கே வாரதில்ல’ன்னு அவுக சொல்லிருக்காக.”

நாங்கள் எல்லோரும் மீனாவைப் பார்த்தோம். மீனா அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தாள்.

“பொறவு தாய்மாமன் இந்தத் தெரு வழியா நடந்திருக்காரு. கொடியில கட்டுத்துணி! போதுமா? பொண்ணும் ஒல்லி.” சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “டி.பி.யா இருக்குமோன்னு பயப்படுதாக.”

அந்த இரண்டு எழுத்துக்கு அப்போது இருந்த பயம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு வீட்டின் மேல் அந்தப் பேச்சு விழுந்துவிட்டால் இந்த வரன் மட்டுமில்லை, எந்த வரனும் வராது. வந்த வழியே திரும்பிவிடுவார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள். செண்பகம் கதவோரம் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

என் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். “டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துருவோமா?”

“கொடுத்தா, சீக்கு இருந்து தேறிருக்குன்னு ஆயிரும்” என்றார் சித்தப்பா.

என் மாமியார் எழுந்தார். “நாளையிலேருந்து இந்த வீட்டுக்குள்ள ரொட்டி வரப்பிடாது. ஆமா.”

“சட்டுனு நிறுத்தினா, சீக்காளி போய்ச் சேந்துட்டாகன்னு துட்டி கேக்க வந்துருவாக அம்மா” என்றார் வீட்டுக்காரர். அவர் ஜோக்குக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்து போய்ச் சொன்னார்.

எனக்கோ கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. ஒரு ரொட்டித் துண்டை வைத்துப் பெண்ணை எடை போடுவார்களா? என் பிள்ளைக்கு நான் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டை எவரோ தெருவில் நின்று மோப்பம் பிடிப்பதா? “இவுக இல்லாட்டி ஊர்ல வேற மாப்பிள்ளையே இல்லையா? போனாப் போகட்டும்!” என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படிக்குப் போய், கோபத்தில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

செண்பகம் பின்னாலேயே வந்தாள்.

“வேற மாப்பிள்ளை இருப்பாக மதினி. எனக்கு இவியதான் வேணும்.”

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இப்படி வாய்விட்டுச் சொல்வது சாதாரண விஷயமா? அழுதுகொண்டே சொன்னாள். ஆனால் குரல் நடுங்கவில்லை.

“அப்படி என்னட்டி அவர்கிட்ட கண்ட? பாத்ததே செத்த நேரம்.”

“பஜ்ஜி சாப்பிட்டுட்டு கை தொடைக்க நம்ம வீட்டுத் துணியக் குடுத்தேன்ல? தொடைச்சுட்டு, அதை நாலா மடிச்சு, என் கையில திருப்பித் தந்தாக. இந்த வீட்ல அண்ணன் இன்னைக்கு வரைக்கும் ஒரு துணிய மடிச்சு நான் பாத்ததில்ல.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் அண்ணன் காதில் இது விழுந்தது. இருமினார். அவரால் முடிந்தது அது.

இரண்டு நாள் செண்பகம் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் பிரெட்டில் ஜாம் தடவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“மதினி, புரட்டாசி சனிக்கிழமைக்கு அவிய குடும்பமா திருவண்ணாமலை பெருமாள் கோயிலுக்குப் போவாகளாம். நாமளும் போவோம். ரொட்டி எடுத்துட்டுப் போவோம்.”

வெளியூர் வாசகர்கள் பதற வேண்டாம். இது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலை. சின்ன மலை, படி ஏறினால் பெருமாள். புரட்டாசி சனிக்கிழமை என்றால் சுற்றுவட்டாரமே அங்கேதான் நிற்கும்.

“ரொட்டி எதுக்குட்டி? எரியுற தீயில எண்ணெய ஊத்தவா?”

“ஒளிச்சு வச்சுத் தின்னாத்தான் சீக்கு. எல்லாரும் சுத்தி உக்காந்து சிரிச்சுக்கிட்டே தின்னா அது சாப்பாடு. அவிய கண்ணு முன்னால தின்போம். நான் படியேறுறதையும் பாக்கட்டும்.”

டிகிரி படித்த பெண் அல்லவா? எனக்குச் சரியென்று பட்டது. என் மாமியாருக்குத்தான் நெஞ்சே வெடித்துவிட்டது. “பெருமாள் கோயில் வாசல்ல ரொட்டியா? புளியோதரை கொண்டு போற எடத்துக்கு?” புலம்பிக்கொண்டே தன் பங்குக்கு ஒரு தூக்குச்சட்டி புளியோதரை கட்டிக்கொண்டார். சித்தப்பாவும் வந்து சேர்ந்தார், விறைப்பாக, பந்தோபஸ்துக்கு வந்தவர் போல.

அந்தச் சனிக்கிழமை போனோம். நல்ல வெயில். அடிவாரத்தில் மொட்டை போட்ட தலைகள், தேங்காய்க் கடைகள், தள்ளுமுள்ளு. மாப்பிள்ளை வீட்டாரைக் காணவில்லை. ஒரு மரத்தடியில் இடம் பிடித்துக் காத்திருந்தோம். காத்திருந்து காத்திருந்து மீனாவுக்குப் பசி வந்ததுதான் மிச்சம்.

“கும்பிட்டுட்டாவது வருவோம்” என்றார் என் மாமியார். செண்பகத்துக்கு முகம் விழுந்துவிட்டது. ரொட்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேற ஆரம்பித்தாள். நான் பின்னால். மற்றவர்கள் எங்களுக்கும் பின்னால்.

பாதிப் படியில் ஒரு சின்னக் கூட்டம். நடுவே, படியோரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் கடைக்காரம்மா.

சனிக்கிழமை விரதம். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் மேலே ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். பாதியில் கண்ணைக் கட்டிவிட்டது. கனத்த சரீரம் வேறு. தாய்மாமன் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சோடா வாங்கக் கீழே ஓடியிருந்தாராம். கூட்டத்தில் எங்களைக் கடந்துதான் ஓடியிருக்க வேண்டும், நாங்கள் கவனிக்கவில்லை.

எங்களைப் பார்த்ததும் தாய்மாமனுக்கு விசிறுகிற கை நின்றுவிட்டது.

செண்பகம் யாரையும் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்தாள். பையைத் திறந்தாள். டப்பாவைத் திறந்தாள். ஈரத்துணியைப் பிரித்து ஒரு ஜாம் ரொட்டியை எடுத்து நீட்டினாள்.

“சாப்பிடுங்க அத்தை. இனிப்பு உள்ள போனா தலைசுத்து நிக்கும்.”

அத்தை! அம்மா என்றோ ஆச்சி என்றோ கூப்பிடாமல்... மாமியாரைக் கூப்பிடுகிற முறையில். திட்டம் போட்டுச் சொன்னாளா, வாய் தவறியா? இன்றுவரை கேட்டதில்லை.

கடைக்காரம்மா அந்த ரொட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மயக்கத்திலும் வியாபாரி வியாபாரிதானே. “முட்டை போட்டதா?” என்று கேட்டார்.

“அது கேக்குலதான் அத்தை. இதுல இல்ல.”

வாங்கினார். கடித்தார். முதல் வாய் கஷ்டப்பட்டு இறங்கியது. இரண்டாவது வாய் சுலபமாக இறங்கியது. ஒரு ரொட்டி முடிந்ததும் தானே கையை நீட்டினார். செண்பகம் அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் பெருமாள் கண்ணைத் திறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படியேறுகிற கூட்டத்தில் பாதிப்பேர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். கடைக்காரம்மாவைத் தெரியாதவர் யார்? ஒருவர் நின்றார். “என்ன கடைக்காரம்மா, ரொட்டி திங்கீக? உடம்புக்கு முடியலையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, போங்க.”

அடுத்து ஓர் அம்மா. “அடடா, ரொட்டியா? காய்ச்சலோடயா மலையேறுனீக?”

“காய்ச்சல் இல்ல தாயி.”

மூன்றாவதாக வந்தவர் நன்றாக உட்கார்ந்தே விட்டார். கடைக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கிட்ட எதுக்கு மறைக்கீக? எம்புட்டு நாளா இருக்கு? டாக்டர்கிட்ட காட்டுனீகளா? சாயங்காலம் சாத்துக்குடி வாங்கிட்டு வீட்டுக்கு வாரேன், செத்த நேரம் உக்காந்து பேசுவோம்.”

கடைக்காரம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வந்ததோ! கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

“ஏன், ரொட்டி தின்னா சீக்காளியா? நல்லா இருக்கவ தின்னப்பிடாதா? பசிச்சுது, தின்னேன். இதுக்குமா ஊர் கூடணும்!”

படியே அதிர்ந்தது. வந்தவர் எழுந்து, கும்பிடு போட்டுவிட்டு, நாலு நாலு படியாக ஏறிப் போய்விட்டார்.

கடைக்காரம்மா கையிலிருந்த மிச்ச ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தாய்மாமன் துண்டை எடுத்துத் தன் முகத்தையே விசிறிக்கொண்டார். பின்னால் வந்து நின்ற எங்கள் சித்தப்பா, கேஸ் ஜெயித்தவர் போல மீசையை முறுக்கினார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, சும்மா இருங்கள் என்று ஜாடை காட்டினேன். பெருமாளே, இந்தப் பெண்ணைக் கைவிட்டுவிடாதே என்று மேலே பார்த்துக் கும்பிட்டேன்.

கடைக்காரம்மா டப்பாவிலிருந்த துணியை இரண்டு விரலால் தூக்கினார்.

“இது என்னத்துக்கு?”

“ரொட்டி காயாம இருக்க அத்தை. அண்ணன் வேலை பாக்குற எடத்துல கழிச்சது. எங்க வீட்ல கை தொடைக்கவும் இதுதான்.”

“ஓ” என்றார். அடுத்து மீனாவைப் பார்த்து, “பிள்ளைக்கு என்ன காய்ச்சல்?” என்றார்.

“எனக்குக் காய்ச்சலே இல்ல. டிரில்லுதான் பிடிக்காது” என்றாள் மீனா. உண்மையை எப்போது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை, கையில் சோடா. எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் அம்மா அந்த ஈரத்துணியில் கையைத் துடைத்து, இந்தா என்று அவரிடம் நீட்டினார். வாங்கினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். அப்புறம் அதை நாலாக மடித்து, செண்பகத்தின் கையில் கொடுத்தார்.

செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் ததும்பிக்கொண்டிருந்தது. ‘பாத்தீகளா மதினி?’ என்று கேட்பது போல ஒரு பார்வை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஐப்பசி பிறந்ததும் பூ வைக்க வந்தார்கள். தட்டு நிறையப் பால்கோவா. மிச்சத்தை என்ன செய்வது? மறுநாள் காலை மில் வேன் ஹாரன் அடிக்கும் அவசரத்தில், ஜாம் பாட்டிலைத் தேட நேரமில்லாமல், பிரெட்டில் பால்கோவாவைத் தடவி மீனாவுக்கு வைத்துவிட்டேன். டப்பா காலியாக வந்தது. கூடவே டீச்சரிடமிருந்து விசாரிப்பு: அது என்ன, எப்படிச் செய்வது என்று. அதன் பிறகு டீச்சர் நெற்றியைத் தொடுவதில்லை. பாவம், மீனா மட்டும் வெயிலில் டிரில் செய்யப் போனாள்.

அதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது டிவியில் ஜாம் விளம்பரம் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் பாதி டப்பாவில் பிரெட்தான். சாக்லேட் மாதிரி ஒன்றைத் தடவித் தரச் சொல்லிப் பிள்ளைகள் உயிரை வாங்குகின்றன. நாளை வேறொன்று வரும், அதையும் தடவுவோம். ஒருவர் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதை மட்டும் நாம் விடப்போவதில்லை. பஸ்ஸில் வந்த அந்த அம்மாவே சாட்சி. ஆனால் அவர் கொடுத்த எலுமிச்சம்பழத்தை நான் தூக்கிப் போடவில்லை. முகம் தெரியாத ஒருத்திக்காக யார் இவ்வளவு கவலைப்படுவார்கள்?

சரி, அந்த ரொட்டி யாருக்கு என்று கேட்கிறீர்களா?

செண்பகத்தின் மாமியாருக்குத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேக்கரி இல்லாமல் இல்லை. ஆனால் கடைக்காரம்மாவுக்கு எங்கள் தெருமுனைப் பேக்கரி ரொட்டிதான் வேண்டும். உள்ளூரில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமாம். நான் போகும்போதெல்லாம் ஒன்று கொண்டுபோக வேண்டும். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும், இரண்டு துண்டு ரொட்டி, அதன் மேல் விரல் கனத்துக்குப் பால்கோவா. அப்படி ருசித்துச் சாப்பிடுகிறார்.

ஆனால் சாப்பிடுவதற்கு முன்னால் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிடுகிறார்... யாராவது பார்த்துவிட்டால் சாத்துக்குடியோடு வந்துவிடுவார்களாம்!